ஸ்பிரிண்ட் முடிவது லயத்து வாசலில்

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தயில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, சனங்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஆக, தகவல் இல்லாமல் போகவில்லை. அந்தத் தகவலை வைத்துக்கொண்டு லயத்தில் இருந்தவர் என்ன செய்வது, எங்கே போவது என்பதற்குத்தான் விடை இருக்கவில்லை. எச்சரிக்கைக்கு மென்பொருள் எழுதுகிற எவரும் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பயனர் அனுபவ வடிவமைப்பாளர். ஹல்துமுல்லை, கொஸ்லந்தை பக்கத்துத் தோட்டங்களில் மழை அளவைப் பதிந்து எச்சரிக்கையை லயத்துக்குக் கொண்டுபோகும் கருவி ஒன்றை ஒரு சிறு குழுவோடு செய்துவருகிறேன். வேலை அஜைல் முறையில், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட். இந்த வேலைக்குள் புதிதாக வரும் மலையகத்துப் பிள்ளைகளுக்கு உதவும் என்று நினைத்துச் சிலவற்றை எழுதுகிறேன்.

2001இல் அமெரிக்காவின் யூட்டா மலையில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் பிரகடனத்தின் கொள்கைகளில் ஒன்று, ஓடுகிற மென்பொருள்தான் முன்னேற்றத்தின் முதன்மை அளவுகோல் என்கிறது. நல்ல கொள்கை. ஆனால் எச்சரிக்கை என்று வரும்போது எது ஓட வேண்டும்? சேர்வரில் நிரல் ஓடினால் போதாது, ஆள் எழும்பி வெளியே வர வேண்டும். அதனால் எங்கள் குழுவின் வேலைப் பலகையில் ஓர் அட்டையை ‘முடிந்தது’ வரிசைக்கு நகர்த்தும் உரிமை புரோகிராமருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. தோட்டத்தில் ஒருவர் தன் சொந்த போனில், நாங்கள் வாய் திறக்காமல் நிற்க, அதைச் செய்து பார்த்த பிறகுதான் அது நகரும். நான் கற்றதில் பெரியது இதுதான்.

வடிவமைப்பும் நிரல் எழுதுவதும் ஒரே ஸ்பிரிண்டில் தொடங்கினால் ஒன்று மற்றதற்காகக் காத்துக் கிடக்கும். இதற்கு ஆட்டோடெஸ்க்கில் வேலை செய்த டெசிரே சை 2007இல் எழுதிய கட்டுரை ஒரு வழி காட்டியது. வடிவமைப்பாளர் ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் போய் அடுத்ததை வரைய வேண்டும். அதற்கும் அடுத்ததற்காக ஆட்களிடம் கேட்டறிய வேண்டும். கட்டி முடித்ததையும் சோதிக்க வேண்டும். நாங்களும் அப்படியே செய்கிறோம், ஒரு மாற்றத்தோடு. ஆட்களைப் பார்க்கப் போகும்போது புரோகிராமரில் ஒருவர் கட்டாயம் கூட வர வேண்டும். பெரகலையில் இறங்கி வெல்லவாய பஸ் பிடித்து வந்து சேர்ந்தவர், பார்த்ததை யாரும் அறிக்கையாக எழுதிக் கொடுக்கக் காத்திருப்பதில்லை. திரும்பும் வழியிலேயே திருத்தத் தொடங்கிவிடுவார்.

அப்படிப் போன ஓர் இரவில் கண்டது. மழைமானி பார்க்கும் பொறுப்பில் இருந்த அக்கா ஒரு கையில் குடை பிடித்திருந்தார். டோர்ச்சைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கி அளவைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். விரல் நனைந்திருந்ததால் திரை கேட்கவில்லை. சீலை முந்தானையில் துடைத்தார், மறுபடி தொட்டார், அதற்குள் திரையில் மழைத்துளி விழுந்து வேறெதுவோ திறந்துகொண்டது. “தம்பி, நான் உள்ளுக்குப் போய்த்தான் அனுப்புவேன். நம்பரு மனசுல இருக்கு” என்றார். கூட வந்த புரோகிராமர் தம்பி அப்போது ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, இதற்கு ஆப் எதற்கு, வெறும் எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பினால் போதாதா என்பது. போதும். கீபேட் போன் வைத்திருந்தவர்களும் அதோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால் சிவப்பு, அதாவது வெளியேற வேண்டும் என்பது நம் நாட்டில் மண்சரிவுக்கு வைத்திருக்கும் மழை எல்லை. கீறல் விழுந்த திரையில் மஞ்சளும் செம்மஞ்சளும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் 1, 2, 3 என்று பெரிதாகப் போட்டோம். மழைமானிக் குழாயிலேயே பெயின்டால் மூன்று கோடு கீறவும் முடிவு செய்தோம். பெயின்ட் அடிப்பது மென்பொருள் வேலையா என்று கேட்டார்கள். அக்காவின் கண் முதலில் போவது குழாய்க்கு. அதனால் அதையும் ஒரு ஸ்டோரியாக, அதாவது யாருக்கு எது வேண்டும் என்று சொல்லும் அட்டையாக, எழுதி வேலைப் பட்டியலில் வைத்தோம். திரைக்கு வெளியே நடப்பதற்கு உங்கள் பட்டியலில் இடமே இல்லையென்றால் பாதி அனுபவத்தை யாரும் வடிவமைக்கப் போவதில்லை.

செய்தி யார் கைக்குப் போகிறது என்பதும் வரைபடத்தில் தெரியாது. பகலில் பெண்கள் மலையில் கொழுந்து எடுப்பார்கள். போன் வீட்டில் கிடக்கும், அல்லது மலையில் சிக்னல் இருக்காது. ஆண்கள் பலர் கொழும்பில். பிற்பகல் இரண்டு மணிக்குப் போன எச்சரிக்கையை ஒரு சின்னப் பிள்ளையோ பாட்டியோதான் பார்ப்பார்கள். அதனால் பகல் செய்தி கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிற்பவருக்கும், இரவுச் செய்தி கோவில் ஒலிபெருக்கியின் சாவி வைத்திருப்பவருக்கும் முதலில் போக வேண்டும் என்று மாற்றினோம். எங்கள் ஸ்டோரிகளில் ‘பயனர்’ என்று பொதுவாக எழுதுவதை அன்றோடு நிறுத்தினோம். அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருப்பவர் யாரோ, அவரைத்தான் எழுதுகிறோம்.

ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகும் செய்தி வாய்க்கு வர வேண்டும். இங்கே ஒரு தொழில்நுட்ப நெருக்கடியும் உண்டு. ஆங்கில எஸ்எம்எஸ் ஒன்றில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70தான், அதிலும் ஒவ்வொரு புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்காகும். ‘எச்சரிக்கை’ நம் கண்ணுக்கு ஆறு எழுத்து, போனுக்குப் பத்து. அலுவலக நடையில் எழுதினால் செய்தி இரண்டு மூன்று துண்டாக உடைந்து போகும். “சிவப்பு எச்சரிக்கை. உடனே வெளியேறுங்கள். பாடசாலைக்குப் போங்கள்.” இது 62. ஒரே துண்டு, ஒரே மூச்சில் வாசிக்கலாம். வாசகங்களைக் கடைசி நாளில் யாரோ மொழிபெயர்த்து ஒட்டுவது பல குழுக்களில் வழக்கம். முதல் ஸ்பிரிண்டிலேயே தமிழில் எழுதிவிடுங்கள். திரையின் அளவும் செய்தியின் அளவும் தமிழுக்கு ஏற்றபடி அமைய அதுதான் வழி.

அந்தச் செய்தியின் கடைசி வாக்கியமான ‘பாடசாலைக்குப் போங்கள்’ என்பதற்காக நாங்கள் நிறைய வாதாடினோம். எங்கே போவது என்று சொல்லாத எச்சரிக்கையை அனுப்பவே கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. ஒரு முறை வெளியேறினால் மறுநாள் வேலைக்குப் போக முடியாது, ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். பிள்ளைகளோடு இரவில் யாருடைய வாசலில் நிற்பது? இதற்கு விடை இல்லாமல் ‘வெளியேறுங்கள்’ என்று மட்டும் சொன்னால், அடுத்த முறை அந்தச் செய்தியை யாரும் திறக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு லயத்துக்கும் போகுமிடம் எது, திறப்பு யாரிடம் என்பதை கிராம உத்தியோகத்தரோடும் தோட்டத்தோடும் பேசி நிரப்பும் வரை அந்த லயத்தின் பதிவு எங்கள் பட்டியலில் திறந்தே கிடக்கும். இதை ஸ்டோரி புள்ளியில் மதிப்பிட முடியாது. மதிப்பிடவும் வேண்டாம்.

சோதனைக்கு ஒரு யோசனை. 2006, 2007 காலத்தில் சர்வோதயமும் லேர்ன்ஏசியாவும் சுனாமி பாதித்த 32 கரையோரக் கிராமங்களில் வெவ்வேறு எச்சரிக்கைக் கருவிகளைக் கொடுத்தன. பயிற்சி பெற்ற ஊர், பெறாத ஊர் என்று பிரித்து ஒத்திகையும் நடத்திப் பார்த்தன. கருவியை ஊரோடு சேர்த்துச் சோதித்த அந்த முறையைத் தேடிப் படியுங்கள். எங்கள் பக்கம் பெருமழை ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஸ்பிரிண்ட் அதற்காகக் காத்திருக்காது. வெயில் காலத்தில் நாங்கள் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் மழைமானியில் ஊற்றி, இருட்டிய பிறகு ஒத்திகை வைக்கிறோம். சம்பள நாளில் போகாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நல்லது. புதிய போன் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அவர்கள் கையில் இருப்பதில் தமிழ் எழுத்து கட்டமாக விழுகிறதா என்று பாருங்கள்.

2025 நவம்பரில் டித்வா புயலின் மழை எங்கள் பதுளை மாவட்டத்தை மறுபடி மண்சரிவுக்குள் தள்ளியது. அதற்குப் பிறகு எங்கள் பட்டியலின் மேலே ஏறியிருக்கும் அட்டை, கோபுரமும் மின்சாரமும் விழுந்த பிறகு என்ன செய்வது என்பது. ஒவ்வொரு மழைமானிக்கும் இரண்டாவது ஆளைப் பழக்குகிறோம். லயத்துக்கு லயம் ஓடிப்போய்ச் சொல்லும் இளைஞர் பட்டியலையும் காகிதத்தில் அச்சடித்து வைக்கிறோம். இந்த ஸ்பிரிண்டில் நிரல் எதுவும் எழுதவில்லை.