சிறு தோணியை இறக்கும் முறை

திருகோணமலைத் துறைமுகம் ஆழமானது. ஆனால் மகாவலி கங்கை வந்து விழும் கொட்டியாரக் குடாவின் கரையோரம் வண்டல் படிந்து ஆழம் குறைந்தது. அங்கே இயந்திரப் படகைத் தள்ளி நிறுத்திவிட்டு, அதிலுள்ள சிறு தோணியில்தான் கரைசேர வேண்டும். வயலில் பழகிய நாம் இதையும் முறையாகக் கற்போம்.

1. பயணத்தின்போது தோணியைக் கவிழ்த்து, இரு முனைகளையும் இறுகக் கட்டுவோம். மழைநீர் தேங்காது.

2. நங்கூரமிட்டு, இயந்திரத்தை நிறுத்திய பின், காற்று மறைவான பக்கத்தில் இறக்குவோம்.

3. முன்கயிற்றைப் படகில் கட்டிய பிறகே தோணியை நீரில் விடுவோம். மாட்டை அவிழ்க்கும்போது கயிற்றைக் கைவிடுவோமா?

4. பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி, நடுவில் அமர்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக வாங்கட்டும்.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டனர். கரையோர நீர்தானே என்று அளவுக்கு மேல் ஆட்களை ஏற்ற வேண்டாம்.