ஒரே விமானம், இரண்டு சம்பளம்: உள்ளூர் விமானி எங்கே முறையிடலாம்?

கேள்வி:

ஐயா, ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி கொழுந்து பறித்தவர். இரண்டு பேருடைய சேமலாப நிதிப் பணத்தையும் போட்டு, மேற்கொண்டு வங்கியில் கடனும் வாங்கித்தான் மகனை விமானியாக்கினோம். கொழும்பில் பதிவான, வெளிநாட்டுப் பங்காளி உள்ள தனியார் விமானக் கம்பனி ஒன்றில் இப்போது துணை விமானி. அதே கம்பனி வெளிநாட்டிலிருந்தும் சில விமானிகளைக் கூட்டி வந்திருக்கிறது. அவர்களுக்கு டொலரில் சம்பளம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் சர்வதேசப் பாடசாலைக் கட்டணம், வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் போய்வர டிக்கெட், எல்லாம் கம்பனி செலவு. வருமான வரியைக்கூடக் கம்பனியே கட்டுகிறதாம். இதெல்லாம் போக, அடிப்படைச் சம்பளம் மட்டுமே மகனுடையதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. மகனுக்கு ரூபாயில்தான் சம்பளம், பயிற்சிச் செலவுக்குப் பொண்ட் வேறு. சம வேலைக்குச் சம சம்பளம் என்று சட்டம் இல்லையா? பதுளை தொழில் நியாய சபையில் நான் வழக்குப் போடலாமா? போட்டால் மகனின் வேலைக்கு ஆபத்து வருமா? ஏப்ரலில் அவனுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள். ஒரு வெளிநாட்டுக் கெப்டனின் ஒப்பந்தப் பிரதியையும், வெளிநாட்டுத் துணை விமானி ஒருவரின் ஒப்பந்தப் பிரதியையும் இத்துடன் அனுப்புகிறேன்.

— வாசகர், ஹல்துமுல்லை

பதில்:

ஐயா, முதலில் அந்தப் பிரதிகளைப் பற்றி. அவை உங்கள் கைக்கு எப்படி வந்தன என்று எழுதவில்லை. நான் வாசிக்காமல் உங்களுக்கே திருப்பி அனுப்பியிருக்கிறேன். மற்றவரின் ஒப்பந்தத்தை அனுமதியின்றி எடுத்துக் கையில் வைத்திருந்தால், கம்பனி சம்பளப் பேச்சை விட்டுவிட்டு மகனின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும். நல்ல வழக்குகள் இப்படித் திசைமாறியதை நான் பார்த்திருக்கிறேன். வேண்டிய விவரத்தை நேர்வழியில் கேட்டுப் பெற இடமிருக்கிறது.

வழக்கு உங்களுடையது அல்ல, மகனுடையது. வயது வந்த ஊழியருக்காகத் தகப்பன் முறையிட முடியாது. அதோடு, தொழில் நியாய சபை இதற்கான இடமும் அல்ல. 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் அந்தச் சபை பெரும்பாலும் வேலைநீக்கத்தையும் பணிக்கொடையையும்தான் விசாரிக்கிறது. வேலையில் இருந்துகொண்டே சம்பளத்தைக் கூட்டிக் கேட்கும் மனுவை அங்கே கொடுத்தால், காலமும் காசும்தான் வீண்.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. சம வேலைக்குச் சம சம்பளம் கொடு என்று தனியார் முதலாளியை நேரடியாகக் கட்டிப்போடும் தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. கசப்பாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சம ஊதியம் பற்றிய சர்வதேச தொழில் அமைப்பின் 100ஆம் உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றது. ஆனால் அது ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான ஊதியத்தைப் பற்றியது. 1998இல் ஏற்ற 111ஆம் உடன்படிக்கை இனம், நிறம், மதம், சமூகப் பிறப்பு முதலியவற்றின் பெயரால் வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. வேறு நாட்டின் குடியுரிமை என்பது அந்தப் பட்டியலில் நேரடியாக வருவதில்லை.

கம்பனி அரசுடையதாக இருந்தால் கதை வேறு. அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்கிறது. அதை மீறியது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயலாக இருந்தால் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். எயார் லங்கா கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம்தானே, அதன் மீது எப்படி இந்த மனு என்ற கேள்வி 1987இல் ராஜரத்ன எதிர் எயார் லங்கா வழக்கில் எழுந்தது. பெயரில் கம்பனியாக இருந்தாலும் அது அரசின் கருவியே என்று நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே ஸ்ரீலங்கன் விமானச் சேவை போன்ற இடத்தில் வேலை செய்யும் வாசகர்கள் யாராவது இதே கேள்வியோடு இருந்தால் இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. பதுளையிலும் ஆணைக்குழுவுக்கு அலுவலகம் இருக்கிறது. அரசுப் பங்கு 25 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பனியிடம் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி சம்பளக் கொள்கையைக் கேட்டு வாங்கவும் முடியும்.

உங்கள் மகனுடையது தனியார் கம்பனி. இந்தக் கதவு திறக்காது. அதற்காக அவருடைய கோரிக்கையில் நியாயம் இல்லை என்று ஆகிவிடாது. அந்த நியாயத்தை எப்படிப் பிரித்துக் காட்டுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது.

ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தி போடச் சொல்லுங்கள். வீட்டு வாடகை, பாடசாலைக் கட்டணம், ஊர் போய்வரும் டிக்கெட், சாமான் ஏற்றி இறக்கும் செலவு: இவை ஒருவர் தன் ஊரை விட்டு வந்ததற்கான கொடுப்பனவுகள். இவற்றை ஒரு பக்கம் எழுதுங்கள். அடிப்படைச் சம்பளம், பறக்கும் மணிக்கான கொடுப்பனவு, பணிக்கொடைக் கணக்கு, விடுமுறை, பொண்ட்: இவை வேலைக்கானவை. மறுபக்கம் எழுதுங்கள். முதல் பத்தியில் சண்டை பிடிக்காதீர்கள். ஹல்துமுல்லையில் வீடு இருக்கும் ஒருவருக்கு மணிலாவிலிருந்து வந்தவரின் வாடகை வேண்டும் என்று கேட்டால், பின்னால் இந்தப் பிணக்கை விசாரிக்கக்கூடிய எந்த நடுத்தீர்ப்பாளரும் தலையசைக்க மாட்டார். இரண்டாம் பத்தியில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்தப் பிரிப்புக்கு நல்ல முன்னுதாரணம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. அங்கே ஒரு சர்வதேசப் பாடசாலை, வெளிநாட்டிலிருந்து எடுத்த ஆசிரியர்களுக்கு உள்ளூரில் எடுத்தவர்களைவிட 25 வீதம் கூடுதல் சம்பளம் கொடுத்தது. ஊரை விட்டு வருகிறார்கள், நிரந்தர வேலை இல்லை என்பவை பாடசாலை சொன்ன காரணங்கள். 2000ஆம் ஆண்டு ஜூன் 1ஆம் திகதி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்தது. ஊரை விட்டு வருவதற்குத்தான் வீடு, போக்குவரத்து, ஊர் போகும் செலவு என்று தனியாகக் கொடுக்கிறீர்களே, பிறகு சம்பளத்தில் ஏன் வித்தியாசம் என்பதே தீர்ப்பின் சாரம். சலுகைகள் அப்படியே இருந்தன, சம்பள வித்தியாசம் விழுந்தது. இது இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நடுத்தீர்ப்பாளர் முன் வைக்க இதைவிட நல்ல தாள் என் கையில் இல்லை.

எதிர்த்தரப்பு எதைக் கொண்டுவரும் என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானியக் கம்பனி ஒன்றின் லண்டன் அலுவலகத்தில் ஜப்பானிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு அங்கேயே எடுத்தவர்களைவிட மிக அதிகம் கொடுத்தார்கள். வேக்மன் எதிர் குயிக் வழக்கில் 1999இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் அதில் இனப்பாகுபாடு இல்லை என்றது. தாய்க் கம்பனியிலிருந்து தற்காலிகமாக அனுப்பப்பட்டவரும் அந்த ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்தவரும் ஒரே நிலையில் இல்லை என்பது காரணம். விமானிகள் நிறைந்த ஹொங்கொங்கில், உள்ளூரில் எளிதில் கிடைக்காத திறமைக்காக வெளியிலிருந்து அழைத்தவருக்குக் கூடுதலாகக் கொடுக்க இனப்பாகுபாட்டுச் சட்டமே விதிவிலக்கு வைத்திருக்கிறது. ஆகவே கம்பனி இரண்டு வாதங்களைப் பிடிக்கும்: இவர்கள் அனுப்பப்பட்டவர்கள், இந்தத் திறமை இங்கே இல்லை.

முதலாவதற்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. வந்தவர்களைக் கம்பனியே வேலைக்கு எடுத்திருக்கிறது, வேறு எவரும் அனுப்பவில்லை. இரண்டாவதற்காகத்தான் யாரோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும் என்கிறேன். நீங்கள் கெப்டனையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அவரை விட்டுவிடுங்கள். இடது ஆசனத்தில் இருப்பவரின் பொறுப்பு வேறு, அவர் பயிற்சியாளராகவும் இருந்தால் இன்னும் வேறு. அதே விமான வகை, அதே பதவி, ஏறத்தாழ அதே பறப்பு மணிகள் உள்ள வெளிநாட்டுத் துணை விமானி ஒருவரே போதும். அந்த வலது ஆசனத்துக்கு இங்கே ஆள் இல்லை என்று கம்பனி சொன்னால், உங்கள் மகனே அதில்தானே உட்கார்ந்திருக்கிறார்.

டொலரைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360ஐ எட்டியது. யாருடைய நியமனக் கடிதத்திலும் ஓர் எழுத்து மாறவில்லை, ஆனால் டொலரில் வாங்கியவருக்கும் ரூபாயில் வாங்கியவருக்கும் இடையிலான தூரம் ஒரே பாய்ச்சலில் கூடியது. 2023 ஜனவரியில் தனிநபர் வருமான வரியின் உச்ச வீதம் 36 ஆனது. வரியைக் கம்பனி கட்டுபவருக்கு அது தெரியாது, தானே கட்டுபவருக்கு மாதாமாதம் தெரியும். என்னைக் கேட்டால், அடிப்படைச் சம்பளத்தின் ஒரு பகுதியையாவது டொலர் பெறுமதியோடு கட்டிக் கேட்பதுதான் இன்று எந்த உள்ளூர் விமானியும் வைக்க வேண்டிய முதல் கோரிக்கை.

யாரிடம் வைப்பது? தனியாக அல்ல, சங்கமாக. இதைத் தோட்டத்துக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1984 வரை, ஒரே மலையில் வேலை செய்தாலும் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த நாட்சம்பளம்தான். உங்கள் மனைவிக்கு அந்த நாட்கள் நினைவிருக்கலாம். அந்த வித்தியாசத்தை நீக்கியது நீதிமன்றத் தீர்ப்பு அல்ல, வேலைநிறுத்தத்தில் இறங்கிய தொழிலாளர்களின் கூட்டுப் பலம். ‘கொடுப்பனவு’ என்ற பெயரில் எழுதினால் என்ன ஆகும் என்றும் உங்களுக்குத் தெரியும். 2021இல் தோட்ட நாட்சம்பளமான 1,000 ரூபாயை அடிப்படை 900, கொடுப்பனவு 100 என்று பிரித்தார்களே. அதே கண்ணோடு மகனின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்.

ஏழு பேர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதியலாம். ஏற்கனவே உள்ள விமானிகள் சங்கத்தில் சேர முடிந்தால் இன்னும் நல்லது. சங்கத்தில் ஊழியர்களில் 40 வீதத்தினர் இருந்தால் கம்பனி பேச மறுக்க முடியாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்த்த 32அ பிரிவு அப்படி மறுப்பதை நியாயமற்ற தொழில் நடைமுறை என்கிறது. பேச்சு முறிந்தால் தொழில் ஆணையாளர் நாயகத்திடம் பிணக்கை எழுதிக் கொடுக்கலாம். சமரசமும் தோற்றால் அமைச்சர் அதை நடுத்தீர்ப்புக்கு அனுப்பலாம். நடுத்தீர்ப்பாளர் சட்ட ஏட்டை மட்டும் புரட்டுபவர் அல்லர். நீதியும் ஒப்புரவும் எனத் தோன்றுவதைத் தீர்ப்பாக எழுத அவருக்கு அதிகாரம் உண்டு. மேலே சொன்ன இரண்டு பத்தித் தாளுக்கு உரிய இடம் அதுதான். இந்தியாவின் ஜெட் எயார்வேஸில் 2017இல் உள்ளூர் விமானிகள் சங்கம் மே 1 முதல் வெளிநாட்டு விமானிகளோடு பறக்க மாட்டோம் என்று அறிவித்தது. அந்த வழியை நான் சொல்ல மாட்டேன். மகன் கேட்கப்போவது தன் சம்பளத்தை உயர்த்தும்படிதான், பக்கத்தில் இருப்பவருடையதைக் குறைக்கும்படி அல்ல. அந்த வெளிநாட்டு விமானியும் கூலிக்கு வேலை செய்பவர்தான், அவரோடு பகை வேண்டாம்.

வேலைக்கு ஆபத்தா என்று கேட்டீர்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் செய்வதையும் அதே 32அ தடுக்கிறது. மீறி நீக்கினால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம், அப்போது அது சரியான இடம். ஆனால் தவணை முடிந்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவதை வேலைநீக்கம் என்று நிரூபிப்பது கடினம். அதனால் ஏப்ரலுக்கு முன்பே, புதிய ஒப்பந்தத்தின் வரைவை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பொண்டில் மீதித் தொகை எவ்வளவு, மாதாமாதம் அது எப்படிக் குறைகிறது, கம்பனியே வேலையை நிறுத்தினால் அதை யார் கட்டுவது என்ற மூன்றுக்கும் பதில் அதில் இருக்க வேண்டும். அந்த வரைவு கைக்கு வந்ததும், கையொப்பமிடுவதற்கு முன், மகனே என்னோடு பேசட்டும்.