முதுகிலா, மார்க்கரிலா? பெயிண்ட்பால் டேங்க் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

1981 ஜூன் 27 அன்று, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊரை ஒட்டிய காட்டில் 12 பேர் முதல் பெயிண்ட்பால் ஆட்டத்தை ஆடினார்கள். அவர்கள் கையில் இருந்தது நெல்-ஸ்பாட் 007. வெட்ட வேண்டிய மரத்துக்கும், மந்தையில் அடையாளம் வைக்க வேண்டிய மாட்டுக்கும் தூரத்திலிருந்தே சாயக்குறி இடுவதற்கென்று செய்யப்பட்ட கைத்துப்பாக்கி அது. 12 கிராம் கரியமில வாயு அடைத்த சிறு குப்பி ஒன்றுதான் அதற்கு உந்துசக்தி. ரிச்சி ஒயிட் என்ற வனத்துறைக்காரர் ஒருமுறைகூடச் சுடாமல் கொடிகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு அந்த ஆட்டத்தை வென்றார். வாயுவை எங்கே சுமப்பது என்ற கேள்வி அன்றைக்கு யாருக்கும் எழவில்லை.

குப்பியின் இடத்தில் டேங்க் வந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. நூற்றுக்கணக்கான ஷாட்டுக்கு வாயு கிடைத்தது. கூடவே ஒரு கிலோவுக்கு மேல் எடையும் வந்தது. டேங்கை மார்க்கர் எனப்படும் பெயிண்ட்பால் துப்பாக்கியின் கைப்பிடிக்குக் கீழே திருகி, அதன் அடிப்பாகத்தைத் தோளில் ஊன்றிக்கொள்வது ஒரு வழி. டேங்கை முதுகுப் பையிலோ இடுப்புப் பட்டையிலோ செருகிவிட்டு, சுருள் குழாய் வழியே மார்க்கருக்கு வாயுவைக் கொண்டுவருவது இன்னொரு வழி. அந்தக் குழாய்க்குத்தான் ரிமோட் லைன் என்று பெயர். எதை வாங்கலாம் என்று மைதானத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அந்தப் பதில்களில் பல, ஒரு காலத்தில் சரியாக இருந்தவை. கருவிகள் மாறிய பிறகும் அப்படியே புழங்குகின்றன.

“ரிமோட் போட்டால் குறி தப்பாது”

சாய உருண்டை எங்கே போய் விழும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, உருண்டையின் தரம்: ஈரம் பட்டு ஊதிப்போனது, ஒரு பக்கம் சப்பையானது நேராகப் போகாது. இரண்டு, அந்த 0.68 அங்குல உருண்டைக்கும் குழலின் உள்விட்டத்துக்கும் உள்ள பொருத்தம். மூன்று, ஒவ்வொரு ஷாட்டும் ஒரே வேகத்தில் கிளம்புகிறதா என்பது. டேங்க் முதுகில் இருப்பதால் இந்த மூன்றில் முதல் இரண்டும் அணுவளவும் மாறப்போவதில்லை. மூன்றாவதைக் கட்டிக்காப்பது, வாயுவின் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர்.

இந்த நம்பிக்கை பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கனமான மார்க்கரை அரை மணி நேரம் ஏந்தியவரின் கை நடுங்கும். கனம் குறைந்தால் நடுக்கம் குறையும். அது களைப்பு சம்பந்தப்பட்டது. களைப்பே இல்லாத முதல் ஆட்டத்தில், தோளில் ஊன்றிய டேங்க்தான் மார்க்கரை அசையாமல் நிறுத்தும். ரிமோட்டுக்கு மாறியவர் தோள்கட்டை ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்தாவிட்டால், அந்த ஊன்றுதலை இழந்துவிடுவார். புதியவர்கள் பெரும்பாலும் யோசிக்காமல் விடும் செலவு இது.

“சுமை குறையும்”

மொத்தச் சுமை கூடவே செய்யும். டேங்க் அதே டேங்க்தான். அதன்மேல் குழாய், அடைப்பான், பை என்று சில நூறு கிராம் சேர்கிறது. ஆனால் சுமை இருக்கும் இடம் மாறுவது உண்மையான மாற்றம். நீட்டிய கையில் பிடித்த குடமும் இடுப்பில் வைத்த குடமும் ஒரே எடைதான், நடந்து பார்த்தவருக்கு வித்தியாசம் தெரியும்.

டிப்மேன் 98 போன்ற, வாடகைக்குத் தரப்படும் உலோக மார்க்கர் தனியே ஏறத்தாழ 1.3 கிலோ. அதோடு 48 கன அங்குல அலுமினிய டேங்க் சேர்ந்தால் இன்னும் ஒன்றரைக் கிலோ அளவுக்குக் கூடும். மார்க்கரின் மேலுள்ள உருண்டைக் கொள்கலனான ஹாப்பரில் 200 உருண்டை நிரப்பினால், ஒன்று சுமார் 3 கிராம் வீதம், இன்னொரு 600 கிராம். இந்தக் கூட்டுத்தொகையைக் கையில் ஏந்திக் காட்டுக்குள் நாள் முழுக்க நடக்கும் ஒல்லியான பதின்வயதுப் பிள்ளைக்கு ரிமோட் பெரிய நிம்மதி. இன்றைய கார்பன் இழை டேங்கோ, அலுமினியத்தைவிட அதிகக் காற்றைக் கொள்கிறது, எடையும் குறைவு. புதிய எலக்ட்ரானிக் மார்க்கர்களும் இலகுவானவை. இந்த இரண்டையும் வைத்திருப்பவர் எடைக்காக மட்டும் ரிமோட் வாங்கினால், அந்தப் பணத்தை நல்ல முகக்கவசத்துக்குச் செலவிட்டிருக்கலாம்.

“கரியமில வாயு என்றால் ரிமோட் கட்டாயம்”

இதில் உண்மையின் பங்கு பெரிது, அதனால் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கரியமில வாயு டேங்குக்குள் பெரும்பகுதி திரவமாகவே இருக்கும். மேலே உள்ள காலி இடத்தில் வாயு நிற்கும். சுடச்சுட திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும், அதை டேங்கிலிருந்தே எடுத்துக்கொள்வதால் டேங்க் குளிர்ந்துபோகும். 21 டிகிரி செல்சியஸில் சுமார் 850 பிஎஸ்ஐ இருக்கும் அழுத்தம், 0 டிகிரியில் 500 பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கிவிடும். மலைப்பகுதியின் குளிர்காலக் காலையில் வேகமாகச் சுட்டால் உருண்டைகள் பாதி தூரத்திலேயே விழுவது இதனால்தான்.

இதைவிடப் பெரிய தொல்லை, திரவமே மார்க்கருக்குள் போவது. மார்க்கரைக் கீழ்நோக்கிச் சாய்த்தால் திரவம் வால்வை எட்டும். ஒரு ஷாட் வழக்கத்தைவிட வேகமாகப் போகும், அடுத்தது தணிந்து போகும், ரப்பர் வளையங்கள் விறைத்து வெடிக்கும். எலக்ட்ரானிக் மார்க்கரின் சோலனாய்டு வால்வு கெட்டே போகலாம். நீண்ட குழாய் இடையில் இருந்தால், வழியில் ஆவியாக அந்தத் திரவத்துக்குக் கொஞ்சம் இடமும் நேரமும் கிடைக்கின்றன. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் ரிமோட்டை விரும்பியதில் பிழையில்லை.

ஆனால் குழாய் இருந்தாலே திரவம் வராது என்று நினைப்பது தவறு. பல முதுகுப் பைகளில் டேங்க் தலைகீழாக, வால்வு கீழே பார்த்தபடி நிற்கும். அந்த நிலையில் திரவம் நேராக வால்வில்தான் தேங்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சில டேங்குகளில், திரவத்தைத் தவிர்த்து வாயுவை மட்டும் உறிஞ்சுவதற்காக உள்ளே வளைந்த குழல் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். மார்க்கரில் படுக்கைவாக்கில் திருகி முடித்ததும் அதன் வாய் மேல்நோக்கி இருக்கும்படி கணக்காகப் பொருத்தப்பட்ட குழல் அது. அதே டேங்கை முதுகுக்கு மாற்றினால் அந்த வாய் திரவத்துக்குள்ளேயே மூழ்கக்கூடும். எந்தப் பையில் எந்த நிலையில் நிற்கப்போகிறது என்று சொல்லித்தான் அதைப் பொருத்தவோ கழற்றவோ வேண்டும்.

அழுத்தப்பட்ட காற்றுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. காற்றைத் திரவமாக்க மைனஸ் 140 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். எந்த மைதானத்திலும் அது நடக்காது. 3,000 அல்லது 4,500 பிஎஸ்ஐ வரை நிரப்பிய காற்றை, டேங்கின் தலையில் உள்ள ரெகுலேட்டர் வழக்கமாக 800 பிஎஸ்ஐ அளவுக்குத் தணித்துத் தருகிறது. திரவத்துக்குப் பயந்து ரிமோட் வாங்கும் காலம், காற்று டேங்க் வாங்கியவரைப் பொறுத்தவரை முடிந்துவிட்டது.

“குழாயில் வந்தால் வேகம் குறையும், கழற்றினால் காற்று வீண்”

இதற்குக் கணக்கே பதில் சொல்லும். 3 மில்லிமீட்டர் உள்விட்டமும் 3 மீட்டர் நீளமும் கொண்ட குழாயின் கொள்ளளவு சுமார் 21 கன சென்டிமீட்டர். அதில் 800 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்கும் காற்றை வெளியே விட்டால் ஏறத்தாழ 1.2 லிட்டர் வரும். 68 கன அங்குல, 4,500 பிஎஸ்ஐ டேங்கில் இருப்பதோ 300 லிட்டருக்கு மேல். அந்த டேங்க் ஆயிரம் ஷாட் தருவதாக வைத்துக்கொண்டால், ஒருமுறை குழாயைக் கழற்றுவதால் போவது மூன்று அல்லது நான்கு ஷாட்.

வேகத்துக்கும் இதே கதைதான். விநாடிக்கு பத்து உருண்டை சுட்டாலும், அந்த அழுத்தத்தில் குழாய்க்குள் காற்று விநாடிக்கு 9 மீட்டர் அளவில்தான் நகர்கிறது. உராய்வால் ஏற்படும் இழப்பு 800-ல் பத்து பிஎஸ்ஐயை ஒட்டியே இருக்கும். மார்க்கரின் சொந்த ரெகுலேட்டர் அதைக் கண்டுகொள்ளாது. ரிமோட் மாட்டியதும் வேகம் விழுந்தால் பழி குழாயின் நீளத்தில் இல்லை. மடங்கிய குழாய், குறுகலான இணைப்பு, பாதி திறந்த அடைப்பான் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். எப்படி இருந்தாலும் டேங்கின் இடத்தை மாற்றிய பிறகு வேகமானியில் மறுபடி சுட்டுப் பார்ப்பது கட்டாயம். பெரும்பாலான திறந்தவெளி மைதானங்களில் உச்சவரம்பு விநாடிக்கு 280 முதல் 300 அடி.

“மார்க்கரில் டேங்க் இருந்தால் பத்திரம், குழாய்தான் ஆபத்து”

இந்த ஒரு நம்பிக்கையை எத்தனை முறை மறுத்தாலும் தகும். குழாயால் வரும் ஆபத்துகள் உண்டு, அவை கட்டுக்குள் அடங்குபவை. அழுத்தம் இருக்கும்போதே இணைப்பைப் பிடுங்கினால் குழாயின் நுனி சாட்டையாகச் சுழன்று அடிக்கும். அதனால் முதலில் அடைப்பானை மூட வேண்டும். பிறகு பாதுகாப்பான திசையில் சுட்டு மிச்ச வாயுவைத் தீர்க்க வேண்டும். அதன் பின்னரே கழற்ற வேண்டும். கழற்றிய பிறகும் மார்க்கருக்குள் ஒரு ஷாட்டுக்கான வாயு தங்கியிருக்கலாம் என்பதால் குழல் உறையும் முகக்கவசமும் அது தீரும்வரை விலகக் கூடாது. புதரில் சிக்குவதைத் தவிர்க்க, குழாயை அக்குளுக்குக் கீழே உடலோடு ஒட்டிக் கொண்டுவந்தால் போதும்.

உயிரையே எடுக்கும் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: டேங்கும் வால்வும் சேரும் மரையில். டேங்கைக் கழற்றும்போது வால்வும் உருளையும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். வால்வு மார்க்கரிலேயே இறுகி நின்றுகொண்டு உருளை மட்டும் திரும்பினால், ஆட்டக்காரர் தமக்குத் தெரியாமலே வால்வைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். கடைசிச் சுற்றில் உள்ளே இருக்கும் வாயு மொத்தமும் ஒரே நொடியில் வெளியேறி, உருளை பறந்துவிடும். அமெரிக்காவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

இதைத் தடுக்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு. வால்வின்மேல் தொடங்கி உருளைமேல் முடியும்படி நகப்பூச்சால் ஒரே கோடாக இழுத்துவிட வேண்டும். திருப்பும்போது இரண்டு பாதியும் சேர்ந்தே நகர்ந்தால் சரி. கோடு உடைந்து விலகினால் அந்தக் கணமே கையை எடுத்துவிட்டு, தெரிந்த தொழில்நுட்பரிடம் கொண்டுபோக வேண்டும். தாமாக இறுக்கிப் பார்க்கவே கூடாது.

ரிமோட் வைத்திருப்பவருக்கு இது பொருந்தாது என்று எண்ணவும் இடமில்லை. அவருடைய டேங்கும் அதே மரையில், குழாயின் அடைப்பானோடு திருகப்பட்டிருக்கிறது. வித்தியாசம், அந்த மரை அவர் கண்ணுக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. பையிலிருந்து டேங்கை முழுவதும் வெளியே எடுத்து, கோட்டைப் பார்த்தபடி கழற்றும் பழக்கம் அவருக்குத்தான் மேலும் அவசியம்.

“நல்ல ஆட்டக்காரர் ரிமோட் வைக்கமாட்டார்”

காற்றடைத்த தடுப்புகளுக்கு நடுவே நடக்கும் ஸ்பீட்பால் போட்டிகளைப் பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். அங்கே ஆட்டக்காரர் தடுப்பின் இடப்பக்கம் எட்டிப் பார்த்துச் சுட்டு, மறுநொடியில் மார்க்கரை மறு கைக்கு மாற்றி வலப்பக்கம் எட்டுவார். ஒரு பக்கமாக வரும் குழாய் அதற்கு இடைஞ்சல். ஓடிவந்து சறுக்கி விழும்போது முதுகில் உலோக உருளை இருப்பதும் நல்லதல்ல. போட்டி மார்க்கர்களின் எடைச் சமநிலையே, கீழே டேங்க் இருக்கும் என்ற கணக்கில்தான் அமைக்கப்படுகிறது.

காட்டில் நிலைமை வேறு. மணிக்கணக்கில் நீளும் ஆட்டத்தில், இலைச்சருகில் நெஞ்சு பட ஊர்ந்துபோகும் ஆளுக்குக் கீழே தொங்கும் டேங்க் மண்ணில் இடிக்கும். மேகசினில் உருண்டை அடைத்து, தோள்கட்டை வைத்து, ராணுவத் துப்பாக்கியின் சாயலில் மார்க்கர் வைத்திருப்பவருக்கு டேங்கைக் கீழே தொங்கவிட இடமே இருக்காது. அத்தகையவர்களுக்கு ரிமோட் சரியான கருவி. இப்போது மூன்றாவது வழியும் வந்திருக்கிறது: 13 கன அங்குலச் சிறு டேங்கைத் தோள்கட்டைக்குள்ளேயே பொருத்துவது. குழாயும் இல்லை, தொங்கலும் இல்லை. ஆனால் காற்று சீக்கிரம் தீரும். மேகசினில் எண்ணிச் சுடுபவருக்கு அது போதும், ஹாப்பரில் கொட்டிச் சுடுபவருக்குப் போதாது.

முதல் முறை வாங்குபவர் டேங்கை முதலில் வாங்கட்டும். டேங்கின் மரை பொதுவானது. இன்று மார்க்கரில் திருகுவதை நாளை ரிமோட் அடைப்பானிலும் திருகலாம். பழைய டேங்க் என்றால் அதன்மேல் பொறித்த தேதியைப் படிக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி சாதாரணமாக 5 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை உண்டு. கார்பன் இழை சுற்றிய டேங்குக்குப் பொதுவாக ஆயுள் 15 ஆண்டு. அதைத் தாண்டியதை ஒழுங்கான மைதானத்தில் நிரப்பித் தரமாட்டார்கள், நிரப்பித் தருகிற இடத்தில் ஆடப் போகவும் வேண்டாம். குழாய்க்கான பணத்தைத் தன் மைதானம் எது, கைமாற்றிச் சுடுகிறோமா, ஊர்கிறோமா என்று சில ஆட்டங்களில் தெரிந்துகொண்ட பிறகு செலவழிக்கலாம். அதுவரை, நண்பர் ஒருவரின் ரிமோட்டை ஓர் ஆட்டத்துக்குக் கேட்டு வாங்கி மாட்டிப் பார்த்தால், தோளும் முழங்கையும் அன்று மாலைக்குள் தங்கள் தீர்ப்பைச் சொல்லிவிடும்.