அஞ்சாம் கிளாஸிலேயா, எட்டாம் கிளாஸிலா?

"டாக்டர், பையனை சைனிக் ஸ்கூல் பரீட்சைக்கு இந்த வருஷமே உட்கார வைக்கலாமா? ஞாபகசக்திக்கு ஏதாவது லேகியம் கொடுங்களேன்" என்று கேட்டு வரும் தாய்மார்கள் உண்டு. லேகியம் இருக்கட்டும். முதல் கேள்வியைப் பார்ப்போம்.

திருப்பூர் மாவட்டம் அமராவதிநகரில் 1962-ல் தொடங்கிய சைனிக் பள்ளிக்கு வாசல் இரண்டு. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு அந்த வருஷம் மார்ச் 31 அன்று வயசு 10 முதல் 12-க்குள் இருக்கணும். ஒன்பதாம் வகுப்புக்கு 13 முதல் 15. ஆறாம் வகுப்புத் தேர்வு 150 நிமிஷம், 300 மார்க். அதில் பாதி கணக்கு. தமிழிலேயே எழுதலாம். 2021 முதல் பெண் குழந்தைகளுக்கும் இதில் இடம் உண்டு. ஒன்பதாம் வகுப்புக்கோ ஆங்கிலத்தில் மட்டும்தான் தேர்வு, இடங்களும் சொற்பம். ஆகவே, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுவதும் லேசான காரியமில்லை.

இருந்தும் நான் மார்க்கைக் கேட்பதில்லை. ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறான் என்றுதான் கேட்பேன். இந்த வயசில் 9 மணி நேரத் தூக்கம் குறையவே கூடாது. கண் விழித்தால் வாதமும் பித்தமும் மிஞ்சும் என்கிறது சித்த மருத்துவம். தலைவலி, எரிச்சல், மலச்சிக்கல் எல்லாம் அப்புறம் வரிசையாக வரும். பள்ளிக்கூடம், ட்யூஷன், அதற்கு மேல் கோச்சிங் என்று 11 மணி வரை உட்கார வைத்தால்தான் நடக்கும் என்றால், அந்தப் பிள்ளைக்கு இது வேளை இல்லை.

அடுத்து, அது விடுதிப் பள்ளி என்பதை மறந்துவிடாதீர்கள். பத்து வயசிலும் சில பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பதுண்டு. அம்மாக்கள் இதை மூடி மறைப்பார்கள்; கூடப் படுக்கும் பையன்கள் மறைப்பார்களா? திட்டாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரைக் குறைத்து, படுக்குமுன் சிறுநீர் கழிக்க வைத்துப் பழக்குங்கள். நின்றுபோன பழக்கம் திடீரென்று திரும்பினால் சிறுநீர், சர்க்கரைப் பரிசோதனை உடனே செய்யணும். விடுதிக்கு அனுப்புவதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

"படிக்க உட்கார்ந்தாலே வயித்து வலிங்கிறான், நடிக்கிறான்" என்பார்கள். நடிப்பில்லை. பயம் வயிற்றில்தான் பேசும். ஆனால் தூக்கத்தில் எழுப்புகிற வலி, எடை குறைவு, மலத்தில் ரத்தம் இருந்தால் அது வேறு சமாச்சாரம். டாக்டரிடம் காட்டியே ஆகணும். மந்தமாக இருக்கும் பிள்ளைக்குக் கண் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா பாருங்கள். ரத்தசோகையும் பூச்சித் தொல்லையும் இருக்கிற பிள்ளையிடம் கணக்கு ஏறாது. அதைச் சரிசெய்யாமல் வல்லாரையை அரைத்து அரைத்துக் கொடுத்து என்ன பிரயோஜனம்? கண் பார்வையையும் விண்ணப்பத்துக்கு முன்பே சோதித்துவிடுங்கள். எழுத்தில் தேறினவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு.

தனியாகக் குளித்து, தட்டில் போட்டதைச் சாப்பிட்டு, பாட்டி வீட்டில் நாலு நாள் அழாமல் இருக்கிற பிள்ளையா? தாராளமாக இந்த வருஷமே எழுதட்டும். இல்லையென்றால் எட்டாம் கிளாஸில் எழுதலாம். இங்கிலீஷை மட்டும் இப்போதிருந்தே கவனியுங்கள்.

தேர்வன்று காலையில் வழக்கமான இட்லியே போதும். புதுசாக எந்தச் சூரணமும் அன்றைக்கு வேண்டாம், என்னுடையது உட்பட.