டொமைன் யார் பெயரில்?

கேள்வி: பனியன் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்து தருகிறேன். டொமைன் ரீசெல்லர் கணக்கு எடுக்க யாரை நம்பலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: விலைக்கு முன் அங்கீகாரத்தைப் பாருங்கள். ரீசெல்லர் கணக்கு தரும் நிறுவனத்தின் பெயர், டாட் காமுக்கு சர்வதேச டொமைன் அமைப்பான ஐகானின் (ICANN) பட்டியலிலும், டாட் இன்னுக்கு அதை நிர்வகிக்கும் நிக்சியின் (NIXI) பட்டியலிலும் இருக்க வேண்டும். அமெரிக்காவின் டொமைன் பதிவு நிறுவனமான ரெஜிஸ்டர்ஃப்ளை 2007-இல் ஐகான் அங்கீகாரத்தை இழந்தபோது, வாடிக்கையாளர்கள் பலர் பெரும் பாடுபட்டார்கள்.

முதலாண்டுச் சலுகையில் மயங்காமல் புதுப்பிப்புக் கட்டணத்தை விசாரியுங்கள். டாட் காமை வேறிடம் மாற்றக் கேட்டால், அதற்கான குறியீட்டை 5 நாட்களுக்குள் தரவேண்டும் என்பது ஐகான் விதி. அதில் இழுத்தடிப்பவர்களைத் தவிர்த்துவிடுங்கள்.

டொமைன் காலாவதியானால் மெயிலும் நிற்கும். வெளிநாட்டு பையரின் ஆர்டர் கைநழுவும். நீங்கள் புதுப்பிக்கத் தவறினாலும் கம்பெனி தன் டொமைனை உரிமையோடு கேட்டுப் பெற முடிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு டொமைனையும் உங்கள் பெயரில் அல்ல, அந்தந்தக் கம்பெனியின் பெயரிலேயே பதியுங்கள். உங்கள் நாணயம் அதில்தான் இருக்கிறது.