தனி ஆலோசனை எதற்கு?

கேள்வி: பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்ட ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்குத் தனி மனநல ஆலோசனை எதற்கு? வலி எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: வலி ஒன்றாக இருக்கலாம்; அதை உண்டாக்கிய கை வேறு. 1910 முதல் 1970 வரை, பழங்குடிக் குழந்தைகளில் பத்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டதாக 1997-இல் வெளியான ‘பிரிங்கிங் தெம் ஹோம்’ அறிக்கை மதிப்பிட்டது. ‘குழந்தை நலன்’ என்ற பெயரில் அரசு அதிகாரிகளே பிரித்தார்கள். ஆகவே, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் அந்நிய ஆலோசகரே பழைய அச்சத்தைக் கிளறக்கூடும். தாயோடு மொழியும் நிலமும் உறவுமுறையும் பறிபோயின. அவற்றை மீட்பதும் சிகிச்சைதான். குடும்பத்தைத் தேடித்தரும் ‘லிங்க்-அப்’ சேவைகள் மன ஆதரவும் தருவது அதனால்தான். அந்நியருக்குப் பதிலாகச் சொந்தச் சமூகத்தவரே ஆலோசனை தந்தால் நிபுணத்துவம் குறையாதா என்று சிலர் கேட்கிறார்கள். பயிற்சி கட்டாயம் வேண்டும்; ஆனால் நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்தப் பயிற்சியும் பலிக்காது. சேவை பாதுகாப்பானதா என்று தீர்ப்பளிக்கும் உரிமை அதைப் பெறுபவருக்கே உண்டு என்றார் மாவோரிச் செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். அந்த உரிமையைக் கொடுப்பதே நியாயமான தொடக்கம்.