பேரையூரில் சூரியன் எந்தப் பக்கம்?

அன்புத் தங்கைக்கு,

டி.கல்லுப்பட்டியில் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாய் என்று சித்தி போனில் சொன்னார். ரொம்ப சந்தோஷம். "அவளுக்குப் படம் வரைய வராதாம், ஓவியப் பாடத்தை நினைச்சுத்தான் பயப்படுறா" என்றும் சொன்னார். உன் கை எப்படி வரைகிறது என்பதைவிடக் கண் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் வகுப்பில் உதவும் என்று என் பயிற்சிக் காலத்தில் தெரிந்துகொண்டேன்.

நம் பக்கத்துப் பள்ளி எதிலாவது இயற்கைக் காட்சி வரையச் சொல்லிப் பார். இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசையும் தென்னையும் வந்துவிடும். "இது காலையா, சாயங்காலமா?" என்று கேட்டால் காலை என்பார்கள். பேரையூருக்கு மலை மேற்கே அல்லவா இருக்கிறது! சாப்டூர்ப் பக்கம் சூரியன் இறங்குவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனாலும் நோட்டில் அங்கேதான் உதிக்கிறது. கரும்பலகையில் பார்த்ததைக் கை பழகிவிட்டது. ஆசிரியர் நன்றாக வரையக்கூடியவராக இருந்தால் இந்தப் பழக்கம் இன்னும் இறுகும் என்பது என் கருத்து.

கற்பித்தல் பயிற்சியில் எனக்கு மூன்றாம் வகுப்பு கிடைத்தது. பலகையில் எதுவும் போடாமல், "உங்க வீட்டை வரைங்க" என்று மட்டும் சொன்னேன். ஒரு பையன் சுவரை முழுதாக வரைந்திருந்தான். சுவருக்குள்ளே கட்டிலில் அப்பத்தா படுத்திருந்தார், அடுப்பில் சட்டி இருந்தது. வெளியே ஆடு, பக்கவாட்டில் நின்றும் அதற்கு இரண்டு கண். பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் ரப்பரை நீட்டி, "சுவரைத் தாண்டி எப்படிடா தெரியும்?" என்றார். "அப்பத்தா உள்ளதான டீச்சர் இருக்கு" என்றான் அவன், என்னைப் பார்த்து.

அவன் சொன்னதுதான் சரி. விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக்கல்வி அறிஞர் 1947இல் வெளியிட்ட நூலில் இதை விளக்குகிறார். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளை, கண்ணுக்குத் தெரிவதைவிடத் தான் அறிந்ததையே வரைகிறது. மரம், மனிதர், ஆடு எல்லாவற்றையும் ஒரே தரைக்கோட்டில் நிறுத்தும். உள்ளே இருப்பது முக்கியமென்றால் சுவரை ஊடுருவிக் காட்டும். அதற்கு எக்ஸ்ரே படம் என்றே பெயர். வளர்ச்சியின் ஒரு படியை நாம் பிழை என்று ரப்பரால் துடைத்தால், பிள்ளை தன் வீட்டை விட்டுவிட்டு மறுபடி இரண்டு மலைக்குப் போய்விடும்.

லீவு கிடைக்கும்போது புதுக்கோட்டை அருகே சித்தன்னவாசலுக்குப் போய் வா. குடைவரையின் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. சாயம் பல இடங்களில் போய்விட்டது. பொறுமையாக நின்றால் யானை, எருமை, பறவைகள், பூப்பறிக்கும் ஆட்கள் என ஒவ்வொன்றாகத் தெரியவரும். மீனைக் கவனி. தண்ணீருக்குள் இருக்க வேண்டிய மீன், இலைகளுக்கும் தண்டுகளுக்கும் நடுவே முழு உடம்போடு தெரிகிறது. கிட்டத்தட்ட அந்தப் பையனின் அப்பத்தா மாதிரி. இந்த ஓவியங்களை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்கிறார்கள். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமணர். அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. நம் மதுரைக்காரர் ஒருவர் கைவைத்த இடம் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

பென்சிலுக்கு முன்னால் பார்க்க நேரம் கொடு. வேப்பமரத்தடியில் உட்காரவைத்து ஒரே ஓர் இலையைப் பார்க்கச் சொன்னால்கூடப் போதும். இரு ஓரமும் ரம்பம்போல இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். படத்துக்கு மார்க் போடாதே. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு என்ன வரைந்திருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே தாளின் பின்பக்கம் தேதியோடு எழுதி வை. வருட முடிவில் முதல் தாளையும் கடைசித் தாளையும் பெற்றோரிடம் காட்டு.

அன்புடன்,
உன் அக்கா